நெஞ்சுச் சீட்டை வாசிக்கும் முறை

மூச்சுக் கோளாறுக்காக ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறவர் கையில் ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை முடிவு, வார்டில் தங்கியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி என்று ஒரு கட்டுக் காகிதம் சேர்ந்துவிடும். அவற்றில் முழுச் சொற்கள் குறைவு. இரண்டெழுத்தும் மூன்றெழுத்துமான சுருக்கங்களே அதிகம், ஏனென்றால் அவை ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதும் குறிப்புகள். ஆனால் அந்தக் கட்டோடு வீட்டுக்குப் போய், மாத்திரை எடுத்துக் கொடுத்து, ராத்திரி கண்விழித்து மூச்சைக் கவனிப்பவர் மகளோ மருமகளோ பேரனோதான். அவருக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரிக்குத் தாமிரபரணிப் பாசனம் முழுவதிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகும் கடையம், ஆலங்குளம் பக்கத்துக்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஹைகிரவுண்டுதான். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவர் எழுதியதை, இங்கே ஓ.பி.யில் இன்னொருவர் படித்து, வார்டில் மூன்றாமவர் தொடர்வார். இந்த மூவருக்கும் நடுவில் மாறாமல் கூடவே இருப்பவர் நீங்கள் ஒருவர் மட்டுமே.

எல்லாச் சுருக்கத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எண்ணையோ சொல்லையோ தனியாகப் படிக்காமல், அதை ஒட்டி முன்னும் பின்னும் இருக்கும் சின்னக் குறியையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் இருந்தால் போதும். வீண் பயமும் வீண் நிம்மதியும் அந்தக் குறியை விட்டுவிடுவதால்தான் வருகின்றன. சீட்டில் ஆங்கில எழுத்தில் இருப்பதை இங்கே வாயால் உச்சரிக்கிறபடி எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்தால் உங்கள் சீட்டில் உள்ளதோடு பொருந்தும்.

நீங்கள் சொல்வதுதான் முதல் வரி

சீட்டின் முதல் வரி பெரும்பாலும் "சி/ஓ" என்று தொடங்கும். நோயாளி சொன்ன தொந்தரவு அது. "எச்/ஓ" என்றால் முன்பு நடந்தது. "கே/சி/ஓ" என்றால் ஏற்கெனவே தெரிந்த நோய். "எஸ்.ஓ.பி." என்றால் மூச்சுத்திணறல். பக்கத்தில் 3/7 என்று எழுதியிருந்தால் மூன்று நாள், 2/52 என்றால் இரண்டு வாரம், 6/12 என்றால் ஆறு மாதம்.

இந்த வரி சரியாக அமைவது உங்கள் கையில் இருக்கிறது. "எளைப்பு இருக்கு" என்று மட்டும் சொன்னால், இழுப்பா, நடந்தால் மூச்சு வாங்குவதா, உடம்பு மெலிந்துபோனதா என்று கேட்பவருக்குப் பிடிபடாது. எவ்வளவு தூரம் நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லுங்கள். டாக்டர்கள் இதை எம்.எம்.ஆர்.சி. என்ற அளவில் 0 முதல் 4 வரை குறிப்பார்கள். கடும் வேலை செய்தால் மட்டும் மூச்சு வாங்கினால் 0. வேகமாக நடந்தாலோ மேடு ஏறினாலோ வாங்கினால் 1. கூட வரும் சம வயதுக்காரருக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கினாலோ, தன் போக்கில் நடக்கும்போதே நிற்க வேண்டியிருந்தாலோ 2. சமதரையில் நூறு மீட்டர் நடந்ததும் நின்றால் 3. வீட்டு வாசலைத் தாண்ட முடியாமல், சட்டை மாட்டும்போதே மூச்சு வாங்கினால் 4. "போன வருஷம் ரத வீதி நாலையும் ஒரே மூச்சில் சுத்தி வந்தாங்க, இப்போ தெருமுக்குக்கே ரெண்டு தடவை நிக்காங்க" என்று நீங்கள் சொன்னால் டாக்டருக்குத் தர எண்ணும் கிடைக்கும், ஒரு வருடத்தில் நோய் போன வேகமும் தெரியும்.

அடுத்தது புகையும் தொழிலும். "எஸ்.ஐ. 400" என்று சிலருடைய சீட்டில் இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை பீடி அல்லது சிகரெட் என்பதை எத்தனை வருடம் என்பதால் பெருக்கிய எண் அது. தினம் இருபது பீடி, இருபது வருடம் என்றால் 400. முந்நூறைத் தாண்டினால் கடுமையான புகைப்பழக்கம் என்று கணக்கு. ஆனால் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்துப் பெண்கள் பீடி குடிப்பதில்லை, சுற்றுகிறார்கள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் புகையிலைத் தூளைச் சுவாசிக்கிறார்கள். "புகைப்பழக்கம் உண்டா?" என்ற கேள்விக்கு அவர்கள் இல்லை என்றே சொல்வார்கள், அது உண்மையும்கூட. கேட்காவிட்டாலும் "பீடி சுத்துறவங்க, இத்தனை வருஷமா" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கல் குவாரி, கிரஷர், விறகடுப்பு, செங்கல் சூளை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். விக்கிரமசிங்கபுரம் பக்கம் பஞ்சாலையில் வேலை பார்த்தவர் என்றால் இன்னொரு விவரமும் உதவும். லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாளில் நெஞ்சு இறுகி, அடுத்தடுத்த நாட்களில் குறையும் பழக்கம் இருந்ததா என்பதே அது. பஞ்சுத் தூசியால் வரும் நோய்க்கு அது முக்கியமான அடையாளம்.

எஸ்.பி.ஓ.2: எண்ணும் அதன் வாலும்

இந்தச் சுருக்கத்தை 2021இல் கொரோனா இரண்டாம் அலை எல்லா வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டது. அந்த நாட்களில் நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ வளாகத்திலிருந்து, ராக்கெட் எஞ்சினுக்காகத் தயாரித்த திரவ ஆக்சிஜன் ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. விரலில் மாட்டும் கருவியும் அப்போதுதான் மெடிக்கல் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கத் தொடங்கியது. அது காட்டும் எண், ரத்தச் சிவப்பணுக்களில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பது. நலமாக இருப்பவருக்கு 95க்கு மேல் இருக்கும்.

சீட்டில் "96% ஆர்.ஏ." என்று இருக்கலாம், "96% 4 லி. ஓ2" என்றும் இருக்கலாம். ஆர்.ஏ. என்றால் வெறும் காற்றைச் சுவாசித்தபடி எடுத்த அளவு. இரண்டாவது, நிமிடத்துக்கு நான்கு லிட்டர் ஆக்சிஜன் கொடுத்தபடி எடுத்தது. எண் ஒன்றுதான் என்றாலும் ஒருவர் வீட்டுக்குப் போகலாம், மற்றவர் குழாயை எடுத்தால் சரிந்துவிடுவார். வார்டில் இருக்கும் அப்பாவைப் பற்றிக் குடும்ப வாட்ஸாப்பில் "ஆக்சிஜன் 96, நல்லாயிருக்கார்" என்று போடுவதற்கு முன் அந்த வாலைப் பாருங்கள். தெரியவில்லை என்றால் நர்ஸிடம் "சிஸ்டர், இது ஓ2 வச்சு எடுத்ததா, எடுத்துட்டுப் பார்த்ததா?" என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் அன்று ஆர்.ஏ.வில் எவ்வளவு என்று சம்மரியில் இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த தடவை திணறும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் வேண்டும். மூட்டுவாதம் உள்ளவர் சீட்டில் அதே ஆர்.ஏ. ஒருவகை வாதநோயைக் குறிக்கும். ஆக்சிஜன் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் மட்டுமே அது வெறும் காற்று.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்குச் சி.ஓ.பி.டி. என்று எழுதுவார்கள். அந்த நோயாளிகளில் பலருக்கு டாக்டர் "டார்கெட் 88–92%" என்று குறித்திருப்பார். இதைப் பார்த்துப் பதறி, 98 வரட்டும் என்று சிலிண்டர் திருகை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். இவர்களில் சிலருக்கு ஆக்சிஜன் மிதமிஞ்சினால் உடம்பில் கரியமிலவாயு தேங்கி, தூக்கக் கலக்கமாகத் தொடங்கி நினைவிழப்பு வரை போய்விடும். அந்தத் தேக்கத்தைக் கண்டுபிடிக்கத்தான் மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு ஏ.பி.ஜி. எடுக்கிறார்கள். அதில் பி.ஏ.சி.ஓ.2 என்ற எண் 35 முதல் 45 வரை இருப்பது இயல்பு. அது ஏறிப்போனால் "டைப் 2" என்று எழுதி, முகத்தில் இறுக்கமாக மாட்டும் பைபேப் கருவியை வைப்பார்கள். என்.ஐ.வி. என்று எழுதினாலும் அதே வகைதான். தொண்டையில் குழாய் போடும் வென்டிலேட்டர் வேறு. பைபேப் வைத்ததும் "வென்டிலேட்டர்ல வச்சுட்டாங்க" என்று ஊருக்குப் போன் போட்டு எல்லோரையும் கலங்க வைக்க வேண்டாம்.

விரல் கருவியை நம்பும் அளவுக்கும் எல்லை உண்டு. குற்றாலச் சாரல் நேரத்தில் விரைத்துப்போன விரலிலும், மருதாணியோ நகச்சாயமோ பூசிய விரலிலும் அது தடுமாறும். எண் நிலைத்து நிற்கும்வரை காத்திருந்து படியுங்கள். புகை மூச்சில் ஏறியவருக்கும், தொடர்ந்து பீடி குடிப்பவருக்கும் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம். கருத்த தோலிலும் அந்தத் தவறு நேர்கிறது. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆக்சிஜன் உண்மையிலேயே குறைந்திருந்ததை இக்கருவி தவறவிடுவது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. எண் 95 என்று காட்டினாலும் ஆள் திணறினால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

கருவியே இல்லாத வீட்டிலும் எடுக்கக்கூடிய அளவு ஆர்.ஆர். என்பது. ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்ற கணக்கு. பெரியவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. அவருக்குத் தெரியாமல், வயிறோ நெஞ்சோ ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து முழு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் தப்பு வரும். குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60ஐயும், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50ஐயும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40ஐயும் தொட்டால் வேகமான மூச்சு. இருமலோடு அது இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

சளிப் பரிசோதனையும் "நாட் டிடெக்டட்" என்ற வரியும்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

காசநோயைச் சீட்டில் பி.டி.பி. என்றோ, கிருமியைக் கண்டுபிடித்து 1882 மார்ச் 24 அன்று அறிவித்த ராபர்ட் கோக் பெயரால் "கோக்ஸ்" என்றோ எழுதுவார்கள். வார்டில் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல் பேசவும் அந்தப் பெயர் உதவுகிறது. அதற்கு முன்னால் கேள்விக்குறி இருந்தாலோ, "ஆர்/ஓ" என்று இருந்தாலோ சந்தேகம் மட்டுமே. பரிசோதித்து விலக்க வேண்டும் என்று பொருள், நோய் முடிவாகவில்லை. கேள்விக்குறியைக் கவனிக்காமல் அழுத குடும்பங்கள் பல.

சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது ஏ.எஃப்.பி. பரிசோதனை. முடிவு நெகட்டிவ், ஸ்கேன்ட்டி, 1+, 2+, 3+ என்று வரும். கூட்டல் கூடக் கூடக் கிருமி அதிகம். இதே கூட்டல் குறி டாக்டர் நெஞ்சில் ஸ்டெத் வைத்து எழுதும் வரியில் வேறு பொருள் தரும். "பி/எல் ஏ.இ. +" என்றால் இரண்டு பக்கமும் காற்று நன்றாகப் போகிறது, நல்ல செய்தி. "என்.வி.பி.எஸ். +" என்றால் மூச்சொலி இயல்பு, அதுவும் நல்ல செய்தி. "கிரெப்ஸ் +", "ராங்கை +" என்றால் சளி கொரகொரப்பும் இழுப்பொலியும் கேட்கின்றன என்று பொருள். எந்தச் சொல்லுக்குப் பின்னால் கூட்டல் நிற்கிறது என்று பார்க்காமல் அதைப் படிக்கவே கூடாது.

இப்போது பெரும்பாலும் சி.பி.நாட் அல்லது ட்ரூநாட் கருவியில் சளியைப் போடுகிறார்கள். சில மணி நேரத்தில் வரும் அந்த முடிவில் இரண்டு வரி இருக்கும். முதல் வரி: "எம்.டி.பி. டிடெக்டட்". அடுத்த வரி: "ரிஃப் ரெசிஸ்டன்ஸ் நாட் டிடெக்டட்". கீழே இருக்கும் "நாட் டிடெக்டட்" மட்டும் கண்ணில் பட்டு, நோய் இல்லை என்று நினைத்து மருந்து வாங்காமல் ஊருக்குத் திரும்பிவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. இதன் பொருள்: காசநோய்க் கிருமி இருக்கிறது, ஆனால் அது ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படும் வகை. உடனே சிகிச்சை தொடங்க வேண்டும், வழக்கமான மருந்தே வேலை செய்யும். இரண்டாவது வரியிலும் "டிடெக்டட்" என்று வந்தால் மருந்துக்கு அடங்காத வகை. எம்.டி.ஆர். என்று சொல்லி வேறு மருந்து கொடுப்பார்கள். முதல் வரியே "நாட் டிடெக்டட்" என்றால் மட்டுமே அந்தச் சளியில் கிருமி அகப்படவில்லை. கொடுத்தது எச்சிலாக இருந்தால் அகப்படாமலும் போகும். ஆகவே காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழ மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கோழையைக் கொடுக்க வேண்டும். அதை வீட்டுக்குள் செய்யாமல் திறந்தவெளியில் செய்யுங்கள்.

சிகிச்சைக்கு ஏ.டி.டி. என்று பெயர். "2 எச்.ஆர்.இசட்.இ. / 4 எச்.ஆர்.இ." என்று எழுதியிருந்தால் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. நான்கையும் ஒரே மாத்திரையில் சேர்த்துத் தருவார்கள், உடல் எடையைப் பொறுத்து எத்தனை மாத்திரை என்பது மாறும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது ரிஃபாம்பிசினின் நிறம், பயப்படத் தேவையில்லை. கண் மஞ்சளாவது, விடாத வாந்தி, பார்வை மங்குவது இவை வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறும்போதுதான் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் எம்.டி.ஆர். பிறக்கிறது.

சீட்டில் நிக்ஷய் எண் ஒன்று இருக்கும். அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சத்துணவுக்காக மத்திய அரசு வங்கிக் கணக்கில் போடும் பணம் அந்த எண்ணை வைத்துத்தான் வரும். 2024 நவம்பர் முதல் அது மாதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்றும் நடக்கிறது. நோய் உறுதியானதும் உயரம், எடை, கால் வீக்கம், ஆர்.ஆர்., எஸ்.பி.ஓ.2, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்பதைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்பாமல் உள்நோயாளியாகச் சேர்ப்பார்கள். "அட்மிட் ஆகணும்" என்றால் தயங்க வேண்டாம். மற்றவர்கள் வீட்டிலிருந்தே குணமாகலாம். சானடோரியத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகிறது என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு, சென்னையில் 1956இல் தொடங்கிய மையத்தில்தான் நடந்தது. நம் திருநெல்வேலிக்காரர், எழுத்தாளர் புதுமைப்பித்தன் காசநோயில் இறந்தது 1948 ஜூன் 30. ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயைக் கட்டுப்படுத்துகிறது என்று நிறுவிய பிரிட்டிஷ் ஆய்வு வெளியானது அதே ஆண்டு அக்டோபரில். இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரை அவர் காலத்தில் கிடையாது. அதைப் பாதியில் நிறுத்துகிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

எக்ஸ்ரே, ஊதும் டெஸ்ட்

சி.எக்ஸ்.ஆர். என்றால் நெஞ்சு எக்ஸ்ரே. அறிக்கை நீளமாக இருந்தாலும் கடைசியில் "இம்ப்ரெஷன்" என்ற தலைப்பின் கீழ் உள்ளதுதான் முடிவு. "என்.ஏ.டி." என்றால் கோளாறு எதுவும் தெரியவில்லை. "ஃபைப்ரோசிஸ்", "ஓல்ட்" என்ற சொற்கள் பெரும்பாலும் பழைய தழும்பைக் குறிக்கும். பழையதா புதியதா என்று முடிவு செய்ய முந்தைய எக்ஸ்ரே வேண்டும், அதனால் பழைய படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். "சி.பி. ஆங்கிள் பிளன்ட்டட்" என்றால் நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கலாம்.

பி.எஃப்.டி. என்பது குழாயில் பலமாக ஊதும் சோதனை. எஃப்.வி.சி. என்றால் மொத்தமாக ஊதிய காற்று, எஃப்.இ.வி.1 என்றால் அதில் முதல் ஒரு நொடியில் வெளிவந்தது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சிய பிறகும் இரண்டாவதை முதலாவதால் வகுத்தது 0.70க்குக் கீழே இருந்தால் சி.ஓ.பி.டி. என்று கொள்வார்கள். மருந்துக்குப் பிறகு அளவு நன்றாக ஏறினால் ஆஸ்த்மா பக்கம் யோசிப்பார்கள், சீட்டில் அது பி.ஏ. என்று வரும். சோதனைக்கு வரும் அன்று காலையில் பம்ப் எடுக்கலாமா கூடாதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துச் சீட்டும் வார்டும்

எம்.டி.ஐ. என்றால் அழுத்தும் பம்ப். டி.பி.ஐ. என்றால் கேப்சூலைப் போட்டு உறிஞ்சும் கருவி. அந்தக் கேப்சூலை மாத்திரை என்று நினைத்து விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வயதானவர் கையில் கொடுப்பதற்கு முன் செய்து காட்டுங்கள். "2 பஃப் பி.டி." என்றால் காலை இரண்டு, இரவு இரண்டு. "எஸ்.ஓ.எஸ்." என்றால் தேவைப்படும்போது மட்டும். தினமும் எடுக்க வேண்டியதை எஸ்.ஓ.எஸ். போல எடுப்பதும், எஸ்.ஓ.எஸ். மருந்தைத் தினமும் பலமுறை அழுத்துவதும் இழுப்பு அடிக்கடி திரும்பி வரக் காரணமாகின்றன. ஐ.சி.எஸ். என்று குறித்த பம்பில் ஸ்டீராய்டு உண்டு, எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

"லாமா" என்று ஓரெழுத்தும் மாறாமல் இரண்டு சுருக்கங்கள் உண்டு. மருந்துப் பட்டியலில் வந்தால் மூச்சுக்குழாயை நீண்ட நேரம் விரித்து வைக்கும் ஒருவகை இன்ஹேலர். சம்மரியின் மேலே, டிஸ்சார்ஜ் வகை என்ற இடத்தில் வந்தால், டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று பொருள். அதில்தான் கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன் எந்த லாமா என்று கேளுங்கள்.

நெஞ்சு நீரையோ காற்றையோ வடிக்க விலாவில் போடும் குழாய்க்கு ஐ.சி.டி. என்று பெயர். குழாய் போய்ச் சேரும் பாட்டிலை எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் வைத்திருக்க வேண்டும். பாத்ரூமுக்குப் போகும்போதும் இடுப்புக்குக் கீழே பிடித்தபடி நடங்கள். கட்டில்மேல் தூக்கி வைப்பதும், நீங்களாகக் குழாயை மடக்கிப் பிடிப்பதும் கூடாது. பாட்டில் உடைந்தாலோ குழாய் கழன்றாலோ சத்தம் போட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ரத்தமாக இருமினாலோ, ஆர்.ஆர். 30ஐத் தாண்டினாலோ, கூப்பிட்டால் தூக்கக் கலக்கமாக மாற்றிப் பேசினாலோ, சம்மரியில் குறித்த எல்லைக்குக் கீழே எஸ்.பி.ஓ.2 போனாலோ 108ஐ அழையுங்கள். போனில் வயது, தெரிந்த நோய், இப்போதைய எண், அது ஆர்.ஏ.வா ஆக்சிஜனோடா என்பதைச் சொல்லுங்கள். வண்டி வருவதற்குள் கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய எக்ஸ்ரே, இப்போது எடுக்கும் பம்புகள் மூன்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சாய்ந்து உட்கார்ந்திருப்பவரைப் படுக்க வைக்காமல் அப்படியே ஏற்றச் சொல்லுங்கள்.